இஷாவுக்குப் பிறகு

நம் பிள்ளைகள் செல்போனில் எதைப் பார்க்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை ஜுமுஆ பயான் உரைகளில் அடிக்கடி கேட்கிறோம். எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. சென்னை மண்ணடியில் எங்கள் தெரு மதரஸாவில் ஓதியவன். குர்ஆனின் ஹுஜுராத் சூரா (அத்தியாயம்) மனப்பாடம். போன மாதம் ஒருநாள் இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். இவன் போனும் கையுமாக இருந்தான். வகுப்பில் வாய் திறந்து தூங்கிய ஒரு பையனின் போட்டோவை ஸ்டிக்கராக்கி, பட்டப்பெயரும் வைத்து, குரூப்பில் நாற்பது பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேலி செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்பது அதே சூராவின் 11வது வசனம். அடுத்த வசனம், புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது. "சும்மா ஜாலிக்குத்தான் அத்தா" என்றான். அந்தப் பையன் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை என்பதும் இவனுக்குத் தெரிந்திருந்தது.

பகலில் இவன் அப்படி இல்லை. தெருவில் பெரியவர்களைக் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்வான். அந்தப் பையன் எதிரே நின்றிருந்தால், அவன் முகம் வாடியதுமே சிரிப்பை நிறுத்தியிருப்பான். நடு இரவில், தூக்கக் கலக்கத்தில், யார் முகமும் தெரியாத இடத்தில் ஹயா என்கிற வெட்க உணர்வு எப்படி இருக்கும்? அப்புறம் அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்கு எழுப்பினால் எழ முடிவதில்லை. ஃபஜ்ர் தவறிய நாளில் மற்ற வக்துத் தொழுகைகளும் தள்ளிப்போகின்றன.

இரவுத் தொழுகையான இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. ரமலானில் தராவீஹ் தொழுகை முடிந்தும் ஸஹர் உணவு நேரம் வரை மண்ணடி விழித்திருக்கும். அந்த இரவுகளைச் சொல்லவில்லை. சின்ன வயதில் இந்த ஹதீஸைக் கேட்டபோது, சீக்கிரம் படுக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும்தான் நினைத்தேன்.

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது தொல்லை விட்டது என்றோம். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. ஆன்லைன் வகுப்புக்கென்று போனை வாங்கிக் கொடுத்ததும் நாம்தான்.

பிள்ளையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்தில் எவ்வளவு செலவு என்று பன்னிரண்டரை மணி வரை சொந்தக்காரர்கள் குரூப்பில் பேசிக்கொண்டிருந்தவன் நான். இப்போது இஷா முடிந்ததும் வீட்டிலுள்ள நாலு போனும் ஹாலில் பீரோ மேல் போய்விடும். முதல் வாரம் பெரிய சண்டை. சரி, பழகிவிட்டது.

அந்தப் பையன் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். மகனைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவனுடைய அம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பையன் கடைசி வரை உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.