உடன்கட்டை ஏறும் விண்டோஸ்

என் பழைய லேப்டாப்பின் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் தாய்ப்பலகை, போய்விட்டது. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, கோப்புகளெல்லாம் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கை மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. செத்தது மதர்போர்டு மட்டும். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. சரி, போகட்டும் என்று பாகங்களை வாங்கி ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தேன். விண்டோஸை மட்டும் வாங்கவில்லை. எதற்கு வாங்க வேண்டும்? அதுதான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே! லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார், "ஒரிஜினல் விண்டோஸ் இதிலேயே இருக்கு சார், தனியா வாங்க வேண்டியதில்லை" என்று. அதையும் சேர்த்துத்தான் விலை போட்டார்கள். காசு கொடுத்தது நான், அப்படியென்றால் பொருளும் என்னுடையது என்று நினைத்தேன். வெகுளி.

முதல் அரை மணி நேரம் எல்லாம் அருமையாகத்தான் போனது. பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதுக் கணினியில் மாட்டினேன். ஏதோ தயார் செய்கிறேன் என்று திரையில் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது, ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. பார்த்தால் அதே படம், அதே ஐகான்கள், நான் பாதியில் விட்டிருந்த கோப்பு வரைக்கும் அப்படியே இருந்தது. கூடு விட்டுக் கூடு பாய்ந்தேவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். அப்புறம்தான் வலது கீழ் மூலையில் மங்கலாக அந்த வரி தெரிந்தது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும். லைசென்ஸ் இருக்கிறது என்று நிரூபி என்று அர்த்தம்.

செய்கிறேன், அதற்கென்ன? செட்டிங்ஸுக்குள் போனால், அண்மையில் ஹார்டுவேரை மாற்றினீர்களா என்று அதுவே கேட்கிறது. ஆமாம் ஐயா, அதைத்தான் செய்தேன். ஆன்லைன் கணக்கில் நுழைந்தேன். என் பழைய லேப்டாப்பின் பெயர் பட்டியலில் ஜம்மென்று நிற்கிறது! இதுதான் நான் இப்போது பயன்படுத்தும் கணினி என்று டிக் போடச் சொன்னது, போட்டேன். ஆக்டிவேட் பொத்தானை அழுத்தினேன். முடியாது என்றது. முடியாதென்றால் அந்தப் பட்டியலை எதற்கு என் கண்ணில் காட்டினாய்? இலை போட்டு உட்கார வைத்து, உனக்குச் சாப்பாடு இல்லை என்பது போல இருந்தது.

விடவில்லை. லேப்டாப் உயிரோடு இருந்தபோதே அதன் விண்டோஸுக்கான 25 எழுத்து லைசென்ஸ் கீயை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். (இதை எழுதி வைக்கிற அளவுக்கு உஷாரானவனுக்கு, அது எதற்கும் உதவாது என்று தெரியவில்லை பாருங்கள்.) அதை அடித்துவிட்டு மைக்ரோசாஃப்டுக்குத் தொலைபேசி வழியாக முயன்றேன். திரையில் ஒரு எண் வந்தது. 63 இலக்கம், ஏழேழாக ஒன்பது கூட்டம். பதிவு செய்த குரல் ஒன்று கேட்கக் கேட்க அதை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டியிருந்தது. எல்லாம் சரியாகப் போனால் பதிலுக்கு அவர்கள் 48 இலக்கம் சொல்ல, அதை இங்கே அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் 63-ஐயும் அழுத்தினேன். நடுவில் ஒன்று தப்பாகி மறுபடியும் அழுத்தினேன். பதிலுக்கு ஒரு இலக்கம்கூட வரவில்லை. அந்தக் குரல் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆளிடம் மாற்றிவிட்டது. அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி: "இது லேப்டாப்போட வந்ததா, தனியா வாங்கினதா?"

லேப்டாப்போடு வந்தது என்றேன். கதை அங்கேயே முடிந்தது. அது ஓஇஎம் லைசென்ஸாம், அதாவது கணினி தயாரிப்பவர்கள் வழியாகக் கணினியோடு சேர்ந்தே வருவது. அது அந்த லேப்டாப்பின் மதர்போர்டுக்குத்தானாம். எனக்கு இல்லையாம். மேற்கொண்டு ஏதாவது என்றால் லேப்டாப் தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்றார். அவர்களைக் கேட்டேன். விண்டோஸ் பற்றியது என்றால் விண்டோஸ்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் பணிவாகத்தான் பேசினார்கள். பணிவாகப் பேசிப் பந்தாடினார்கள்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. விண்டோஸ் 7 காலத்தில் கீயை ஸ்டிக்கரில் அச்சடித்து லேப்டாப்பின் அடியில் ஒட்டினார்கள், நினைவிருக்கிறதா? உரசி உரசி பாதி எழுத்து அழிந்து போகும், ஆனாலும் கண்ணால் பார்க்க ஒன்று இருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததும் பெரிய கம்பெனி லேப்டாப்களில் அந்த ஸ்டிக்கரே போய்விட்டது. தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள், அதாவது பலகையிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளுக்குள், கீயை எழுதிவிடுகிறார்கள். எம்எஸ்டிஎம் என்று அதற்கொரு அட்டவணை. விண்டோஸை நிறுவும்போது அதுவே போய்ப் படித்துக்கொள்ளும், நாம் எதுவும் அடிக்க வேண்டியதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னவென்று நானே பார்க்க, கறுப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற எதை மாற்றினாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. ரேம் மாற்றலாம். டிஸ்க் மாற்றலாம், நானே மாற்றினேன். திரை, பேட்டரி, கீபோர்டு, எதை வேண்டுமானாலும் மாற்றலாம். மதர்போர்டே போனாலும், தயாரித்த நிறுவனமே பழுதென்று மாற்றிக் கொடுத்தால் லைசென்ஸ் தொடரும், புதுப் பலகையில் கீயை அவர்களே ஏற்றித் தருவார்கள். நாமாக வேறு கணினிக்குப் போனால் மட்டும் குற்றம். பலகை செத்தால் விண்டோஸும் கூடவே உடன்கட்டை ஏறிவிட வேண்டும்.

இதே விண்டோஸ், இதே ஹோம் பதிப்பு, தனியாகக் கடையில் வாங்கினால் அதற்கு ரீடெயில் என்று பெயர். பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டு நம்முடைய இன்னொரு கணினியில் போட்டுக்கொள்ளலாம், விதியிலேயே அனுமதி இருக்கிறது. இரண்டு கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது ஓஇஎம், எது ரீடெயில் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. லைசென்ஸ் விவரம் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கமாண்ட் கொடுத்தால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும், அதில் ஒரு மூலையில் சேனல் என்று போட்டு, ஓஇஎம்மா ரீடெயிலா என்று இருக்கும். என் தலையெழுத்து அந்த ஒரு சொல்லில்தான் இருந்திருக்கிறது.

லேப்டாப் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் குறைந்த விலைக்குப் போகிறது, அதனால்தான் இந்த நிபந்தனை என்கிறார்கள். இருக்கட்டும். நியாயம்கூட. ஆனால் தள்ளுபடி விலைக்கு விற்றால், விற்கும்போதே அதைச் சொல்ல வேண்டாமா? பில்லில் ஒரு வரி? பெட்டியில் ஒரு வரி? இந்த மதர்போர்டு உள்ளவரைதான் என்று போட்டால் மை தீர்ந்துவிடுமா? முதல்முறை ஆன் செய்யும்போது ஓடுகிற அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பார்கள். உண்மைதான், இருக்கிறது. அதை ஏற்கவில்லையென்றால் தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் விதிப்படி திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெட்டியைப் பிரித்து, பில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, சார்ஜரையும் மாட்டிய பிறகு காட்டுகிற ஒப்பந்தம் அது. தாலி கட்டிய பிறகு ஜாதகம் காட்டுகிற மாதிரி.

இப்படித்தான் இருக்க முடியும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். கணினியோடு விற்பதற்கென்று வந்த ஓஇஎம் பிரதிகளைத் தனியாக விற்றது பற்றி ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. ஒருமுறை விற்ற பிரதியை மேற்கொண்டு எப்படி விற்பது என்பதை உரிமையாளர் கட்டுப்படுத்த முடியாது என்று 2000-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. டவுன்லோடு செய்த மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்று 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் கீயை ஃபர்ம்வேருக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. கையில் தீர்ப்பு இருந்து என்ன, சாவி செத்த பலகைக்குள் கிடக்கிறதே.

நண்பர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கீ கிடைக்கும், வாங்கு என்றான். எங்கிருந்தோ உருவிய கீ அதெல்லாம், இன்று ஓடும், என்றைக்கு முடக்குவார்கள் என்று விற்றவனுக்கே தெரியாது. இன்னொருவன் விண்டோஸே வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடு என்றான். நல்ல யோசனைதான். ஆனால் திருடு போன செருப்பைப் பற்றிப் புலம்புகிறவனிடம் வெறுங்காலோடு நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொன்னால் கோபம் வருமா வராதா?

கடைசியில் ரீடெயில் ஒன்று வாங்கிவிட்டேன். மூலையில் இருந்த வரி மறைந்தது. பழைய மதர்போர்டு மேசை டிராயரில் கிடக்கிறது, உள்ளே முழுச் செல்லுபடியாகும் லைசென்ஸோடு.

போன வாரம் தங்கைக்கு ஒரு லேப்டாப் வாங்கப் போனோம். இந்த முறை ஏமாறக் கூடாது என்று, "இதுல இருக்கிற விண்டோஸ் ஓஇஎம்மா, ரீடெயிலா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "ஒரிஜினல்தான் சார், பயப்படாதீங்க."