ரேம் வேகம் கூடினால் கேம் இரண்டு மடங்கு வேகமாகுமா?

மண்டபம் ஊர்த் தம்பி ஒருவர் தன் பதிவில், கணினியில் 2133 வேக ரேமை (தற்காலிக நினைவகம்) எடுத்துவிட்டு 3600 போட்டால் கணினியும் கேமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்கிறார். பலரும் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், அப்படி ஆகாது தம்பி.

பிரவுசர், வேர்டு, படம் பார்ப்பது இவற்றில் வித்தியாசமே தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேமில் பெரும்பாலும் அந்தக் கார்டின் திறன்தான் எல்லை. ப்ராசசர் திணறும் கேம்களில் ஓரளவு கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. கார்டு இல்லாமல் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு நல்ல பலன் உண்டு, ஏனென்றால் அது இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

சோதிக்கப் புது ரேம் வாங்க வேண்டாம். 3600 ரேம் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு, அவர் கணினியிலேயே பாருங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, அணைத்தால் ரேம் 2133 போன்ற குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் அந்த வேகம் தெரியும். ஒரே கேமில் ஒரே இடத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்ற எண்) குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எக்ஸ்எம்பியைப் போட்டு மறுபடி பாருங்கள்.

எங்கள் கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பும் பணத்தில் கணினி வாங்கும் பிள்ளைகள் நிறைய. அளந்து பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.