இந்த ரேடியோவைத் தொட்டுப் பார்க்க ஆளே இல்லையா?

"ஏனுங்க, இதைக் கழட்டி வீசிட்டு ப்ளூடூத் செட் மாட்டிக்குங்க!" இன்னும் ஒருமுறை இதைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். எங்கள் தாத்தா, அதாவது அப்பாருவின் அம்பாசடர் காரில் இருக்கும் பழைய ரேடியோவைத்தான் மெக்கானிக்குகள் இப்படிச் சொல்கிறார்கள். ஈரோட்டில் காட்டினேன். திருப்பூரில் காட்டினேன். பொள்ளாச்சி வரை போனேன். ஒருவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒருவர் மூன்று மாதம் வைத்திருந்து, முள்ளை நகர்த்தும் டயல் கயிறு அறுந்த நிலையில் திருப்பித் தந்தார். இன்னொருவர் சூடான சால்டரிங் அயர்னை அழுத்தி வைத்து, ஒலியைப் பெருக்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரையே சுட்டுவிட்டார். அது சூடு தாங்காது என்று தெரியாமல் ஏன் கை வைக்க வேண்டும்?

அப்படி என்ன பெரிய கோளாறு? மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் உள்ளே காய்ந்து போயிருக்கும், அதனால்தான் அந்த உறுமல். வால்யூம் திருகில் தூசி, அதனால் கரகரப்பு. நாலைந்து சாமான் மாற்றுகிற வேலை! ஊரெல்லாம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கோயம்புத்தூரில் இதற்கு ஒரு பொறுமையான கை கிடைக்காதா?

சந்தைக்குப் போகும்போதெல்லாம் அப்பாரு மீடியம் வேவில் கோவை வானொலி வைத்துக்கொண்டே ஓட்டுவார். முள்ளை மெதுவாக நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிகிற அந்த ஒரு நொடி! அது அதே பெட்டியிலிருந்து வர வேண்டும். இவ்வளவுதானே கேட்கிறேன்?