அப்பாவின் ஜாகோவை நான் கெடுக்கவில்லை, அண்ணே

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும், அதை மறுபடி இங்கே போடப் போவதில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில், குவீன் தெரு முனையில், டீ வாங்க ஐந்து நிமிடம் நிறுத்திய அப்பாவின் பழைய ஜாகோ மோட்டார் சைக்கிளைப் பின்னாலிருந்து படம் பிடித்து, "அப்பன் வைத்துவிட்டுப் போனதை அறுத்துப் போட்ட பிள்ளை" என்று எழுதி, நம்பர் பிளேட்டைக்கூட மறைக்காமல் முகநூலில் ஏற்றிய அண்ணனுக்கு இந்தப் பதிவு. அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்ட என் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லாமலே தெரியும்.

முதலில் ஒன்று. நான் அந்த வண்டியைக் கெடுக்கவில்லை. நின்றுபோன வண்டியை ஓட வைத்தேன். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்பா அந்த மோடனாஸ் ஜாகோ 175ஐ 2003இல் வாங்கினார். பிறை வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு, இரவு ஷிப்ட்டோ பகல் ஷிப்ட்டோ, மழையோ வெயிலோ, பதினைந்து வருஷம் அதில்தான் போய் வந்தார். பினாங்குப் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது மோட்டாரில் அதைக் கடந்தவர்களுக்குத்தான் அந்த நீளம் தெரியும். 2019 ஜனவரியில் பாலத்தில் மோட்டாருக்கு டோல் கட்டணத்தை நீக்கினார்கள், அப்போது அவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. கண் சரியில்லை. வண்டி வீட்டுக்கு வெளியே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே போனது. ஐந்து வருஷம், அண்ணே. ஐந்து வருஷம் அது அங்கேயே நின்றது, ஒருவரும் வந்து "ஐயோ, ஒரிஜினல் ஜாகோ" என்று கேட்கவில்லை.

"சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று மைக்கில் கத்திக்கொண்டு வரும் லோரிக்காரர் ஒருவர்தான் கேட்டார். 150 வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்றார். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

2023 தீபாவளிக்குப் பிறகுதான் கை வைத்தேன். பின் மட்கார்டைக் கழற்றுவதற்காக அடியில் கையை விட்டேன். மேலே பளபளப்பு இருந்தது, கறுப்புப் பெயிண்ட் அப்படியே நின்றது. உள்பக்கத்தில் பதினைந்து வருஷத்துச் சேறு செங்கல் மாதிரி இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் அதைப் பெயர்த்தேன், சேற்றோடு சேர்ந்து இரும்பும் வந்தது. விரலால் அழுத்தினேன், விரல் மறுபக்கம் வந்துவிட்டது. பிஸ்கட் மாதிரி. பிளேட்டும் பின் விளக்கும் அந்த இரும்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் "அறுத்துப் போட்டான்" என்று எழுதினீர்களே, நான் அறுத்தது அதைத்தான். துரு தின்ற அந்தக் கடைசி ஒன்றரைச் சாண்.

வண்டியின் சட்டத்தில், அதாவது ஃப்ரேமில், ஒரு இடத்திலும் வெட்டு விழவில்லை, ஜெலுத்தோங்கில் என் போமன் (மெக்கானிக்) சாட்சி. ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டுக்குக்கூட வெல்டிங் போடாமல், பட்டைத் தகடு வளைத்து, ஏற்கெனவே இருந்த ஓட்டையில் போல்ட் போட்டோம். அதற்கே இரண்டு சனிக்கிழமை போனது.

இது என்ன மாதிரி வண்டி என்றே தெரியாமல் "சாப்பர், சாப்பர்" என்று கீழே பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். சாப்பர் வேறு. அதில் சட்டத்தின் கழுத்தையே வெட்டி முன் ஃபோர்க்கை நீட்டுவார்கள். இது பாபர். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு பாப் வெட்டுகிறோமே, அதே பாப்தான், குட்டையாகக் கத்தரிப்பது. அமெரிக்காவில் 1930களிலும், பிறகு போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பிய 1940களிலும், கையில் பெரிதாகக் காசு இல்லாதவர்கள் கனமான பழைய வண்டிகளில் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் குறைத்து, தேவையில்லாததையெல்லாம் எடுத்துவிட்டு இலேசாக்கி ஓட்டினார்கள். காசு உள்ளவன் புதுசு வாங்கினான், இல்லாதவன் இருப்பதைக் கழித்தான். இது பணக்கார விளையாட்டு என்று எழுதிய தங்கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு மொத்தம் 2,800 வெள்ளி ஆனது, பதினாலு மாதத்தில், ஓவர்டைம் காசில்.

"ஒரிஜினலாகவே புதுப்பித்திருக்கலாமே?" நூறு பேர் கேட்டாயிற்று. கேட்பவர்கள் ஒருவராவது அந்தச் சாமானைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? சைட் கவர், குரோம், சிக்னல் கூடு என்று நான் பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப்பட்டாணி வரை அலைந்தேன். ஒரு கடையில் ஒரு சைட் கவர் இருந்தது, அதுவும் இடது பக்கம், எனக்குத் தேவை வலது பக்கம். சரி, அது போகட்டும். ஒரிஜினல் என்கிறீர்களே, எது ஒரிஜினல்? ஜாகோவைச் செய்தது கெடா குருனில் இருக்கும் நம் மோடனாஸ். அதற்கு மூலம் ஜப்பான்காரனின் கவாசாகி எலிமினேட்டர். அதே எலிமினேட்டர்தான் இந்தியாவில் பஜாஜ் பெயரோடு ஓடி, பிறகு அவெஞ்சராக வளர்ந்தது. ஜப்பான்காரன் அந்த நீண்ட தாழ்ந்த உருவத்தை யாரைப் பார்த்துச் செய்தான்? அமெரிக்கக்காரனைப் பார்த்து. ஜப்பான்காரன் மாற்றலாம், இந்தியாக்காரன் மாற்றலாம், குருனில் மாற்றலாம். பிறையில் ஒரு தமிழன் தன் அப்பாவின் வண்டியில் கை வைத்தால் மட்டும் அது கொலை.

சட்டம் பேசுகிறவர்களுக்கு. நிறம் மாற்றினால்கூட ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிய வேண்டும் என்று எனக்கும் தெரியும். நிறம் மாற்றவில்லை. இரண்டு கண்ணாடியும் இருக்கின்றன, சிக்னல் நான்கும் இருக்கின்றன, பிளேட் நடுவில் நேராக நிற்கிறது, சக்கரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து மாட்டவில்லை. முன் பிரேக்கைக் கழற்றினால் முன்பக்கம் சுத்தமாகத் தெரியும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார், அவரோடு இப்போது நான் பேசுவதில்லை. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதை அழகுக்காக எடுப்பவனுக்குப் பாலத்தில் லோரிக்குப் பின்னால் ஒரு நாள் தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டுச் சின்ன ஃபில்டர் மாட்டி, கார்புரேட்டரில் ஜெட் மாற்றாமல் ஓட்டினால், காற்று கூடி எரிபொருள் மெலிந்து, பிளக் வெளுத்து, எஞ்சின் சூடேறிக் கெடும். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சத்தம் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பழைய வண்டி, கொஞ்சம் சத்தம் இருக்கும். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த இன்னொரு கருத்து. "கறுப்பு மோட்டார், கறுப்புச் சட்டை, எந்தக் கேங்கோ." இதை எழுதியவர் என் அத்தை மகன். சின்ன வயதில் அதே ஜாகோவின் டேங்க் மேல் உட்கார்ந்து ஆயர் ஈத்தாம் வரை போனவன். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு சம்மன் பாக்கி கிடையாது. போலீஸ் ரோட் பிளாக்கில் நிறுத்தும்போது முதலில் என் முகத்தையும் பிறகு வண்டியையும் பார்ப்பார்கள், அது பழகிவிட்டது. அதையே நம் ஆள் நம் மொழியில் எழுதும்போது பழகவில்லை. ஓர் இந்தியப் பையன் சனிக்கிழமை இரவு பட்டறையில் குனிந்து கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரியும். கையில் கிரீஸ், பக்கத்தில் வயர் வரைபடம், எந்த வயர் எங்கே போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்துக் கேங் என்கிறீர்கள். என்னோடு வந்து உட்காரும் பையன்கள் மூன்று பேர், பி2 லைசென்ஸ் எடுத்து 250 சிசிக்குள் என்ன பழைய வண்டி கிடைக்கும் என்று தேடுகிறார்கள். ஒருவன் யமஹா விராகோ 250க்குக் காசு சேர்க்கிறான், அதற்காக இரவில் நாசி கண்டார் கடையில் மேசை துடைக்கிறான். அந்தப் படத்துக்குக் கீழே உள்ளதை அவனும் படித்தான். "அண்ணே, உங்களையே இப்படிச் சொன்னால் எங்களை என்ன சொல்வார்கள்" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

கடைசியாக, பின் சீட். "அம்மா உட்கார்ந்த இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை" என்று எழுதினீர்கள். எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன், இதைத் தாண்ட முடியவில்லை. அந்த சீட்டின் உறை கிழிந்து, உள்ளே பஞ்சு மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, அழுத்தினால் கறுப்பாக நீர் வரும். அதைக் கழற்றுவதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன். "இனி அதில் நான் எங்கே உட்காரப் போகிறேன், எடுத்துக்கோ" என்றார். கழற்றியபோது அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. தமிழ் நேசன் தாளில் சுற்றிய ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு ஸ்பேனர். நடுப்பாலத்தில் நின்றுவிட்டால் மாற்றுவதற்கு அப்பா வைத்தது. அந்தப் பத்திரிகையும் 2019இல் நின்றுவிட்டது. தாளைப் பிரித்து, மடிப்பு நீக்கி, அம்மா சாமி அறையில் வைத்திருக்கிறார். பிளக்கைத் துடைத்து எஞ்சினில் போட்டேன். முதல் முறை வண்டி கிளம்பியது அந்தப் பிளக்கில்தான்.

டேங்கின் இடது பக்கம் ஒரு குழி இருக்கிறது, அண்ணே. அப்பா ஹேண்டிலில் தூக்குச் சட்டியை மாட்டிக்கொண்டு போவார், அது ஆடி ஆடி ஒரே இடத்தில் இடித்து விழுந்த குழி. சுற்றிலும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும். போமன் அதை அடைத்து வழவழப்பாக்கித் தருகிறேன் என்றார், கூடாது என்றேன். துரு ஏறாமல் இருக்க மேலே வார்னிஷ் மட்டும் அடித்தோம். நீங்கள் பின்னாலிருந்து எடுத்த படத்தில் அது விழவில்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்தீர்கள். பந்தலில் இடம் இல்லாமல் அந்தத் தார்ப்பாய் போட்ட வண்டியின் மேல் சாய்ந்து நின்றுதான் டீ குடித்தீர்கள். தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நீங்கள் தூக்கிப் பார்க்கவில்லை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, சாவு வீட்டில் யார் மோட்டாரைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் இப்போது என் அப்பாவின் பெயரைச் சொல்லி நீங்கள் பேசும்போது எனக்கு அந்த டீ கிளாஸ்தான் கண்ணில் நிற்கிறது.

அம்மாவுக்கு முகநூல் கிடையாது. சித்தி போனில் காட்டிவிட்டார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவன் நம் வீட்டில் சாப்பிட்டவன்தானே?" என்று மட்டும் கேட்டார்.

படத்தை எடுக்கச் சொல்லவில்லை. நம்பர் பிளேட்டையாவது மறையுங்கள், அது அப்பா பெயரிலிருந்து அம்மா பெயருக்கு மாற்றிய எண். சனிக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், வண்டியும் வாசலில் நிற்கும். வந்து குழியைப் பாருங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடமே சொல்லுங்கள்.