சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார அமைச்சர்

செட்டிநாட்டில் தர்மத்துக்குக் குறைச்சலே கிடையாது. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துக் கோயிலும் சத்திரமும் பாடசாலையும் கட்டிய பூமி. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியே காரைக்குடியில் அழகப்பர் எழுப்பிய கல்லூரியால் வந்தவர்தான். அந்தக் கொடையை என்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வைத்தியம் மட்டும் கொடுப்பவர் மனசை நம்பி இருக்கக் கூடாது. இதை எனக்குப் புரியவைத்தவர் பிரிட்டனில் சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவன்.

1897-ல் வேல்ஸில் ட்ரெடிகர் என்ற ஊரில் பிறந்தவர். 13 வயதில் படிப்பை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். திக்குவாய் வேறு. அந்த வாயோடுதான் தொழிற்சங்கத்தில் பேசிப் பேசி 1929-ல் நாடாளுமன்றம் போனார். அதற்கு நாலு வருஷம் முன்னால், சுரங்கத் தொழிலாளியான அப்பா நுரையீரலில் தூசி அடைத்து மகன் கையிலேயே உயிரை விட்டார். அந்த நோய் அன்றைய இழப்பீட்டுப் பட்டியலில் இல்லை. குடும்பத்துக்குக் காலணா வரவில்லை.

ட்ரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3 பென்னி போட்டு வைத்திய சங்கம் நடத்தினார்கள். டாக்டர், மருந்து எல்லாம் அதிலிருந்து. பார்த்தால் நம் மகமை மாதிரிதான். ஆனால் அங்கே கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஆள். யாரும் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1945-ல் சுகாதார அமைச்சரானதும் அந்த எண்ணத்தைத்தான் பெவன் நாடு முழுக்க விரித்தார். 1948 ஜூலை 5 முதல் பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச சிகிச்சை. 1951-ல் அவருடைய அரசே பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தபோது மந்திரி பதவியை உதறினார். பிடிவாதம் என்பார்கள். எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

சரி, நம் பக்கம் வருவோம். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், நன்றியோடு சொல்கிறேன். அங்கே நெஞ்சுநோய்ப் பிரிவு வாசலில் கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவரைப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பார், தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். "வயசாயிருச்சு தம்பி" என்றார். ஐம்பதுகூட இருக்காது.

கல்தூசி நோய் நம் இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பெவனின் அப்பாவுக்கு இல்லாத பட்டியல் இவருக்கு உண்டு. எந்த முதலாளியிடம் எத்தனை வருஷம் கல் உடைத்தார் என்று காட்டத்தான் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தினக்கூலிக்குப் போனவர் பெயரை யார் பதிவேட்டில் ஏற்றினார்கள்?

பெயர் ஏற்றாத குவாரிக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. வருஷா வருஷம் முதலாளி செலவில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.