வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் ஓனர் கேட்காமல் நுழையலாமா?

"என் வீடு, என் சாவி, நான் எப்ப வேணா திறப்பேன்" என்று பேசும் ஹவுஸ் ஓனர்கள் நம் சேலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதற்கு "ஆமா, அவர் வீடுதானே" என்று குடியிருப்பவர்களே தலையாட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லைங்க. பத்திரம் அவர் பெயரில்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்த பிறகு அந்த வீடு குடியிருப்பவரின் அனுபவத்தில், அதாவது அவர் கைவசத்தில், இருக்கிறது, அவரிடம் சொல்லாமல் உள்ளே கால் வைக்கும் உரிமை ஓனருக்குக் கிடையாது.

இது என் ஆசை இல்லை. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. ரிப்பேர் பார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ வருவதென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு, என்ன காரணம், எந்த நாள், எத்தனை மணி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தீ, வெள்ளம் மாதிரி அவசரம் என்றால் அது வேறு.

அம்மாபேட்டையில் என் தங்கை குடியிருக்கும் போர்ஷனை ஒரு மத்தியானம் இன்னொரு சாவி போட்டுத் திறந்து, வீடு பார்க்க வந்த ஒரு குடும்பத்தையே உள்ளே கூட்டிவந்துவிட்டார் ஓனர். காலேஜ் படிக்கும் பெண் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "ஏம்மா, என் வீட்டைக் காட்ட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றார். ஆமாம், வாங்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் இதன் ஆபத்து இன்னும் நன்றாகப் புரியும். அங்கே வாடகை வீட்டின் முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை நடக்கும், எடை போட்டு வாங்கிய வெள்ளியை எடை போட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் ஓனர் வந்து போனார், அப்புறம் வெள்ளி குறைகிறது என்றால், எடுக்காத ஓனர் மேலும்தானே பழி விழும்? கேட்டுவிட்டு வருவது ஓனருக்கும் பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். எல்லா நேரமும் அது சரி இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு, இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அவரை மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. நோக்கம் முக்கியம். சும்மா உள்ளே வந்தாலே குற்றம் என்று நான் சொல்லவில்லை.

ஓனர்கள் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது, அதைப் பேசாமல் விடக்கூடாது. 12 வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, ஒழுங்காக வாடகை கொடுக்கிறவர்களைக்கூட மூன்று நான்கு வருடத்தில் காலி பண்ணச் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் மாறுகிறது. அந்த 12 வருடக் கணக்கு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக, எல்லோருக்கும் தெரிய இடத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கானது. வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். 30 வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தால் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை, ஆனால் பலர் இன்னும் வாய்ப்பேச்சிலேயே ஓட்டுகிறார்கள்.

தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது இரண்டையும் அதே 2017 சட்டம் தடுக்கிறது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஊருக்குப் போன நேரத்தில் வேறு பூட்டைப் போட்டு உங்களை வெளியே நிறுத்திவிட்டால், 1963-ம் வருடத்து குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-வது பிரிவில் வழக்குப் போடுங்கள். வீடு யாருடையது என்ற விசாரணைக்கே அங்கே போக வேண்டியதில்லை, சட்டப்படி இல்லாமல் உங்களை வெளியேற்றினார்களா என்பதுதான் கேள்வி. ஆனால் வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட்டாக வேண்டும், ஆகவே சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.