ஒரு எழுத்து எரியவில்லையாம், போர்டையே எடைக்குப் போட்டுவிட்டான்

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் சித்தப்பாவின் ஜவுளிக்கடை வாசலில் இருந்த பழைய நியான் போர்டை அவர் மகன் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். கேட்டால், "ஒரு எழுத்து எரியலண்ணா, பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்கிறான். பல் ஒன்று ஆடினால் தாடையையே கழற்றிவிடுவானா இவன்?

போர்டு போனதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் லண்டனில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, வால்தம்ஸ்டோவில் இருக்கிற காட்ஸ் ஓன் ஜங்க்யார்டு என்கிற நியான் காட்சிக்கூடத்தைப் பார்த்தே தீரணும் என்று அடம்பிடித்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனதே இந்த மகராசன்தான்! ஒரு தொழிற்பேட்டை ஷெட், உள்ளே கூரை வரைக்கும் நியான், நுழைய டிக்கெட்கூடக் கிடையாது, இவன் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ரீல்ஸ் எடுத்தான். அந்த இடத்தை உருவாக்கிய கிறிஸ் பிரேசியின் அப்பா, சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், 1952-ல் தொடங்கிய சைன் போர்டு தொழில், அதைக் கிறிஸ் லண்டன் சோஹோ பகுதி கிளப்புகளுக்கும் சினிமா செட்டுகளுக்கும் செய்தது, 2014-ல் அவர் இறந்த பிறகும் குடும்பமே கட்டிக்காப்பது, எல்லாவற்றையும் போனில் படித்து எனக்குச் சொன்னதும் இவன்தான். "நம்ம ஊர்ல எவனுக்கும் இந்த அருமை தெரியாதுண்ணா" என்று பெருமூச்சு வேறு.

எவனுக்குடா தெரியாது?

கண்ணாடிக் குழாயை நெருப்பில் இளக்கி, எழுத்து எழுத்தாகக் கையால் வளைத்து, உள்ளே இருக்கிற காற்றை எடுத்துவிட்டு வாயு அடைக்கிற வேலை அது. அந்த வாயு நியான் என்றால் செம்மஞ்சள் வெளிச்சம், நீலம் வேண்டுமென்றால் ஆர்கான் வாயுவோடு சொட்டுப் பாதரசம். ஒழுங்காகச் செய்தால் பல பத்தாண்டு எரியும். எரியவில்லை என்றால் முதலில் டிரான்ஸ்பார்மரையும் வயரையும் பார்க்க வேண்டும், குழாயே போயிருந்தாலும் அந்த எழுத்தை மட்டும் புதிதாக வளைத்து மாட்டலாம். கடலூரில் ஆள் இல்லையென்றால் சென்னையில் விசாரிப்பதற்கு என்ன கேடு? 2011-ல் அடித்த 'தானே' புயலில் கடையின் ஷீட்டெல்லாம் பறந்தது, அந்தக் கண்ணாடி எழுத்துகள் அசையவில்லை. புயலுக்குத் தப்பியது இவனுக்குத் தப்பவில்லை.

சரி, அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறான்? ஓடும் எல்.இ.டி. போர்டு. மார்கழி பிறந்தும் 'ஆடித் தள்ளுபடி' ஓடிக்கொண்டிருக்கிறது, மாற்றத் தெரியவில்லையாம். எதிரே எங்கள் வீடு. கடை சாத்திய பிறகும் அதை அணைப்பதில்லை, பச்சையும் சிவப்புமாகப் படுக்கையறைச் சுவரில் வெட்டுகிறது, அம்மாவுக்குத் தூக்கமே போச்சு. கெட்டித் திரைச்சீலை வாங்கி மாட்டிவிட்டு, அந்த பில்லை நேற்று அவனுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறான், பணம் இன்னும் வரவில்லை.